விளக்கும் விண்மீனும்

விளக்கை அணைக்காமலே விண்மீன்களைக் காத்தல் கூடுமோ? கூடும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் சான்று. 1930இல் புளூட்டோ கண்டறியப்பட்ட லோவல் வானாய்வு நிலையம் அங்குள்ளது. வணிகர் விளம்பரத்துக்காக வானில் வீசிய தேடொளி ஆய்வுக்கு ஊறு செய்யவே, 1958இல் நகராட்சி அதனைத் தடுத்தது.

எனினும் ஊர் வளர வளர விளக்குகள் பெருகின. மேல்நோக்கிச் சிதறும் ஒளி, காற்றிலும் தூசியிலும் பட்டுத் திரும்பி வானத்தை வெளிறச் செய்யும். மங்கிய மீன்கள் அதில் மறைந்துபோம். அவ்வொளியால் வழிச்செல்வோனுக்கும் பயனில்லை என்பதை நோக்குக! 1989இல் ஓர் ஏக்கருக்கு இவ்வளவே ஒளி என வரம்பு கட்டினர். பின்னர் ஊர்மக்கள் சிலர் கூட்டமைப்பு நிறுவி, ஒளி தரையிலே விழுமாறு விளக்குக்கு மேல்மூடி இடும்படி ஊராரை வேண்டினர். அறிஞர் சொல்லினும் அண்டைவீட்டார் சொல் எளிதில் எடுபடும் போலும். 2001இல் உலகின் முதல் ‘இருள்வான் நகரம்’ என்னும் சிறப்பு அவ்வூருக்குக் கிட்டியது. நிலவில்லா இரவில் நகருக்குள்ளிருந்தே பால்வீதி தெரிகிறது, தெருவிளக்குகளும் எரிகின்றன.