ஒரு பிடி கறுப்பு மணல்: தெரியுமா உங்களுக்கு?

இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். கை தாழும்! சாதாரணக் கடல் மணலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம். வாடைக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும் கடல் மணலைக் கரையில் ஏற்றுகிறது. திரும்பும்போது பாரம் குறைந்த வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பாரமான கறுப்பு மணல் கரையிலேயே தங்கிவிடுகிறது. சுளகில் புடைத்தெடுக்கிற வேலையைக் கடலே ஆண்டாண்டாகச் செய்து வைத்திருக்கிறது!

அந்தப் பிடிக்குள் என்ன இருக்கிறது? பெரும்பகுதி இல்மனைற். அதோடு றூட்டைல், சிர்க்கோன், மிகக் கொஞ்சமாக மொனசைற். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியது; அதன் பிறகு இவை கப்பலேறி வெளிநாடு போகின்றன. உலகத்தை எது அழிக்கும், எது காப்பாற்றும் என்று அறிஞர்கள் எங்கெங்கோ மாநாடு கூடிப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் பாதி இந்த மணலைப் பற்றியது என்றால் நம்புவீர்களா?

இல்மனைற் கன்னங்கரேல் என்றிருக்கும். ஆனால் உலகத்தின் வெள்ளை நிறம் அதிலிருந்துதான் வருகிறது! சுவருக்குப் பூசும் பெயின்ற், பற்பசை, காகிதம் எல்லாவற்றிலும் இருக்கிற டைட்டேனியம் டைஒக்சைட் இதன் பிள்ளை. அது வருவதற்கு முன் வெள்ளைப் பூச்சு என்றால் பெரும்பாலும் ஈயம். உரிந்து விழும் ஈயப் பூச்சை வாயில் போடும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். 2020இல் யுனிசெஃப் சொன்ன கணக்கின்படி உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் இரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது. பெயின்றில் ஈயத்தை நிறுத்துவது குறைந்த செலவில் நிறையக் குழந்தைகளைக் காக்கும் வேலை என்கிறார்கள், நற்பணிக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள். வெள்ளை ஈயத்துக்கு மாற்று என்ன? நம்மூர்க் கறுப்பு மணல் தரும் வெள்ளைதான்!

ஈயத்தோடு சிர்க்கோனுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. சிர்க்கோன் மணி உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஒதுக்கிவிடும். பிறகு யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாகும். ஆகவே உள்ளே இருக்கும் ஈயத்தை யுரேனியத்தோடு ஒப்பிட்டு அளந்தால் கல்லின் வயது தெரிந்துவிடும். அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்க்கோன் ஒன்றுக்கு 440 கோடி வயது! 1940களின் இறுதியில் கிளேர் பேட்டர்சன் என்ற இளைஞர் அமெரிக்காவில் சிர்க்கோனின் ஈயத்தை அளக்கப் போனார். கணக்கு உதைத்தது. காற்றில், மேசையில், தலைமுடியில், எங்கு பார்த்தாலும் ஈயம்! தூசு புகாத ஆய்வுகூடம் கட்டிக்கொண்டு, 1956இல் விண்கற்களை வைத்துப் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று சொன்னார். அதோடு நிற்கவில்லை. இந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று துருவி, பெற்றோலில் கலக்கும் ஈயத்துக்கு எதிராகப் பல்லாண்டு மல்லுக்கு நின்றார். பெரிய கம்பனிகளின் பகை, கைநழுவிய ஆய்வுப் பணம், எல்லாவற்றையும் தாங்கினார். வாகனங்களுக்கான உலகின் கடைசி ஈயப் பெற்றோல் அல்ஜீரியாவில் நின்றது எப்போது தெரியுமா? 2021இல்! அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்னும் கேளுங்கள். சிர்க்கோனியம் என்ற தனிமமே இலங்கைக் கல்லில் கண்டுபிடிக்கப்பட்டதுதான். 1789இல் ஜெர்மனியின் கிளாப்ரோத் இங்கிருந்து போன சிர்க்கோனைப் பிரித்துப் பார்த்தார். அதே ஆண்டில் அதே மனிதர் யுரேனியத்தையும் கண்டுபிடித்தார்! இன்று அணு உலையில் யுரேனிய எரிபொருளைச் சுற்றியிருக்கும் உறை சிர்க்கோனியக் கலவை. 2011 மார்ச் 11இல் ஃபுகுஷிமாவில் ஆழிப்பேரலை மின்சாரத்தை அறுத்தது. உலை கொதித்தது. அந்த உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கியது. மூன்று உலைக் கட்டடங்கள் அடுத்தடுத்து வெடித்தன.

ஆழிப்பேரலை என்றதும் புல்மோட்டைக்காரர்களுக்கு வேறு நாள் ஞாபகம் வரும். 2004 டிசம்பர் 26. சுமாத்திராவில் நிலம் நடுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6.59. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் அதை அறிந்துகொண்டது. கிழக்குக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரம் வரை இருந்தது. ஆனால் ஹவாயிலிருந்து நம் கரைக்குச் செய்தி வர வழியே இருக்கவில்லை! இந்து சமுத்திரத்துக்கென்று அப்போது எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். விஞ்ஞானம் தெரிந்திருந்தது, தொலைபேசி எண்தான் இல்லை என்பதை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவில் மீண்டும் நடுங்கியது. அன்று எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. வீண் ஓட்டம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. வீணாக ஓடக் கிடைத்ததே பெரிய கொடுப்பினை!

மிச்சம் மொனசைற். அதில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சும் இருக்கிறது. பயப்பட வேண்டுமா? இதே கனிமம் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் முடிவு வந்தது.

தோரியத்தின் இன்னொரு கதைதான் உச்சம். சிவ நடனம் பற்றி எழுதிய ஆனந்த குமாரசுவாமி முதலில் கல் ஆராய்ச்சிக்காரர், இலங்கைக் கனிமவியல் ஆய்வின் முதல் இயக்குநர்! அவர் காலத்தில் சப்ரகமுவப் பக்கம் தோரியனைற் என்ற புதுக் கனிமம் வெளிப்பட்டது. அதிலிருந்து எடுத்த உப்பு லண்டனில் ஒரு ஜெர்மன் இளைஞன் கைக்குப் போனது. 1905இல் அவன் அதில் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தான். வேதியியல் கம்பனியில் வேலை தேடவிருந்தவன் கதிரியக்கத்தோடு ஒட்டிக்கொண்டான். பெயர் ஒட்டோ ஹான்! 1938இல் யுரேனிய அணு பிளந்தது அவருடைய ஆய்வுகூடத்தில்தான். ஹிரோஷிமாச் செய்தி கேட்டு உடைந்துபோன அந்த மனிதர், 1955இல் அணு ஆயுதத்துக்கு எதிரான மைனாவ் அறிக்கைக்கு முன்னின்றார்.

அதே ஆண்டு ரசலும் ஐன்ஸ்டைனும் அணு ஆயுதத்துக்கு எதிராக விட்ட அறிக்கையின் பேரில் 1957இல் 22 அறிஞர்கள் கூடினார்கள். எங்கே? நியூயோர்க்கிலா, ஜெனீவாவிலா? கனடாவில் பக்வாஷ் என்ற மீன்பிடிக் கிராமத்தில்! அந்தக் கூட்டத்தில் பிறந்த பக்வாஷ் அமைப்புக்கு 1995இல் நோபல் சமாதானப் பரிசின் பாதி கிடைத்தது. அதே ஆண்டில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் ஜயந்த தனபால. 2007இல் பக்வாஷ் அமைப்புக்கே தலைவரானார்.

மீன்பிடிக் கிராமத்தில் கூடுவதுதான் வழக்கம் என்றால் அடுத்ததைப் புல்மோட்டையில் வைக்கட்டுமே! பேச்சுக்கு வேண்டிய சாமான் முழுக்கக் காலடியில் கிடக்கிறது. மீனுக்கும் குறைவில்லை.