வேண்டாத மின்னஞ்சலை வடிகட்டி எப்படி இனங்காண்கிறது?

1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு அனுப்பிய கணினி விளம்பரமே முதல் ஸ்பேம், அதாவது கேட்காமலே மொத்தமாக அனுப்பப்படும் மடல், எனக் கருதப்படுகிறது. ஒரு மடலுக்கும் லட்சம் மடலுக்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லாததால், மிகச் சிலரே ஏமாந்தாலும் அனுப்புபவருக்கு லாபம்தான்.

குறிப்பிட்ட சொற்கள் உள்ள மடல்களையெல்லாம் ஒதுக்கும் பழைய விதிகளை, எழுத்துகளுக்கிடையே ஒரு புள்ளியை இட்டே ஏய்க்க முடிந்தது. 2002-இல் கணினி நிரலாளர் பால் கிரகாம் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட பேயீசிய வடிகட்டியோ, ஒவ்வொரு சொல்லும் ஸ்பேமில் எத்தனை முறை, நல்ல மடல்களில் எத்தனை முறை வந்துள்ளது என எண்ணி, அவ்விகிதங்களை இணைத்து, புதிய மடல் ஸ்பேமாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கணிக்கிறது. 'பரிசு' என்ற சொல் மட்டும் ஒரு மடலைக் குற்றவாளியாக்காது. பெறுநரின் நண்பர் பெயரும் அதில் இருந்தால் தராசு மறுபக்கம் சாயக்கூடும்.

இத்தகைய வடிகட்டி பயனரின் தீர்ப்பிலிருந்தே கற்பதால், வேண்டாத மடலை வெறுமனே அழிப்பதைவிட 'ஸ்பேம்' எனக் குறிப்பதே பயன் தரும். தவறி ஸ்பேம் பெட்டியில் விழுந்த நல்ல மடலை மீட்டெடுப்பது அதனினும் முக்கியம். முன்பின் அறியாதவர் மடலிலுள்ள 'விலகு' இணைப்பைச் சொடுக்கினால், அந்த முகவரி பயன்பாட்டில் இருப்பது அவருக்கு உறுதியாகிவிடும். அதைத் தொடாதிருப்பதே நலம்.