குருதிக் குழாயின் காவற் கதவுகள்

காய்ச்சல் தணிந்தால் நோயும் தணிந்தது என்பது மக்களிடையே நெடுநாளாக நிலவிவரும் எண்ணம். பல நோய்களுக்கு இது பொருந்தும்; டெங்குக் காய்ச்சலுக்குப் பொருந்தாது. அந்நோயிலே காய்ச்சல் இறங்கும் வேளையே சிலருக்கு ஆபத்துத் தொடங்கும் வேளையாகும். இதற்குக் காரணம் யாது? விடை குருதிக் குழாயின் உட்புறச் சுவரிலே இருக்கின்றது.

குருதிக் குழாயை வீட்டுக்கு நீர் கொண்டுவரும் ஈயக் குழாய் போன்றதென நினைத்தல் தவறு. அதன் உட்புறம் முழுவதும் உயிருள்ள கலங்களால் ஆன ஒற்றைப் படை ஒன்று பரந்துள்ளது. அகவணி எனப்படும் இப்படை, நுண்ணிய குழாய்களிலே ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியதாக அமைந்துள்ளது. குருதியிலுள்ள நீரும் உப்பும் வெல்லமும் வேண்டிய அளவிலே வெளியேறி இழையங்களுக்கு ஊட்டமளிக்க வேண்டும்; அல்புமின் போன்ற பெரும் புரதங்களோ உள்ளேயே தங்க வேண்டும். அப்புரதங்களே நீரைக் குழாயினுள் இழுத்து வைத்திருப்பவை. அவை வெளியேறினால் நீரும் அவற்றின் பின்னே செல்லும். ஆகவே, அகவணி வெறும் சுவரன்று. ஆளறிந்து வழிவிடும் வாயில் எனலாம்.

இவ்வாயிலைக் காப்பவையும் புரதங்களே. அவற்றுள் முதன்மையானது வீ. ஈ. கடேரின் என்பது. அடுத்தடுத்துள்ள இரு கலங்களிலிருந்தும் இப்புரதம் வெளியே நீண்டு, ஒருவர் கையை மற்றவர் பற்றியிருப்பது போல ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றது. இப்பிடி நிலைப்பதற்குக் கல்சியம் இன்றியமையாதது. கலத்தின் உட்புறத்தே கற்றெனின் என்னும் புரதங்கள் இக்கைகளைக் கலத்தினுள் ஓடும் அக்றின் இழைகளோடு பிணைக்கின்றன. பிணைப்பு உறுதியாக உள்ளவரை கலங்களுக்கிடையே பெரும் பொருள் எதுவும் நுழையாது.

எனினும் வாயில் எப்பொழுதும் அடைபட்டிருத்தல் உடலுக்கு நன்றன்று. காலிலே முள் தைத்தால், நோயெதிர்ப்புப் பொருள்களும் வெண்குழியங்களும் அவ்விடத்துக்கு விரைந்து வெளியேற வேண்டும். இதற்கென ஹிஸ்ரமின் போன்ற இரசாயனப் பொருள்கள் சுரக்கின்றன. ஹிஸ்ரமின் பட்டவுடன் சிறு நாளங்களின் அகவணிக் கலங்களுக்கிடையே இடைவெளிகள் தோன்றுவதை, 1961 ஆம் ஆண்டிலே மயினோ, பலாட் ஆகிய அறிஞர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால் காட்டினர். பின்னர் இதன் உட்பொறி விளங்கியது. செய்தி கிடைத்ததும் கடேரின் கைகள் பிடி தளருகின்றன, அக்றின் இழைகள் சுருங்கிக் கலத்தை உள்ளே இழுக்கின்றன, இடைவெளி திறக்கின்றது. முள் தைத்த இடத்தில் உண்டாகும் வீக்கம் இதன் விளைவே.

திறக்கச் சொல்லும் புரதங்கள் இருப்பது போலவே, மூடச் சொல்லும் புரதங்களும் உள. அஞ்சியோபொயற்றின் ஒன்று என்பது பிணைப்பை இறுக்குகின்றது. அதன் உறவினமான அஞ்சியோபொயற்றின் இரண்டு, அகவணிக் கலங்களுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்து, வேண்டும்போது வெளிப்பட்டு, முன்னதன் செயலைத் தடுத்துப் பிணைப்பைத் தளர்த்துகின்றது. இவ்விரண்டின் சமநிலையும் வாயிலின் நிலையைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்றாகும்.

டெங்கு நோய் முற்றும்போது இச்சமநிலை குலைகின்றது. வைரசு பெருகும் கலங்களிலிருந்து என். எஸ். 1 என்னும் புரதம் குருதியிலே கலக்கின்றது. நோயை அறிய ஆய்வுகூடங்களிலே தேடப்படுவதும் இப்புரதமே. இது தானாகவே அகவணியின் காப்பைக் குலைக்கவல்லது என்பதை 2015 ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வுகள் உணர்த்தின. உடலின் எதிர்ப்புச் சுரப்புகளும் சேர்ந்து கொள்ள, சிறு முள்ளுக்காகத் திறக்க வேண்டிய வாயில் உடலின் பல பகுதிகளிலும் ஒருங்கே திறந்துவிடுகின்றது. குருதியின் நீர்ப்பகுதி மார்புக் குழியிலும் வயிற்றுக் குழியிலும் கசிகின்றது. செங்குழியங்களோ குழாயினுள்ளே தங்குவதால் குருதி தடிக்கின்றது. செங்குழியங்களின் பங்கு நூற்றுக்கு 40 ஆக இருந்தவருக்கு அது 48 ஆக உயருமாயின், கசிவு பெரிதென்று வைத்தியர் அறிவர்.

இலங்கையிலே 2017 ஆம் ஆண்டில் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். ஆதலின், இக்கசிவின் இயல்பை ஒவ்வோர் இல்லமும் அறிந்திருத்தல் நலம். இது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலே தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். பின்னர் கடேரின் கைகள் மீண்டும் பிடித்துக்கொள்ள, வாயில் தானே மூடும். வெளியேறிய நீரும் குருதிக்குத் திரும்பும். வைத்தியசாலையிலே சேலைன் அளந்து ஏற்றப்படுவது இதனாலேயே. குறைந்தால் குருதியழுத்தம் வீழும். மிகுந்தால், திரும்பிவரும் நீரும் சேர்ந்து நுரையீரலைத் திணறச்செய்யும்.

கசிவை நேரே நிறுத்தும் மருந்து எதுவும் இன்னும் வழக்கில் இல்லை. காலம் தவறாத கவனிப்பே மருந்தாகும். காய்ச்சல் விட்ட நோயாளிக்குக் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உடல் குளிர்ந்தது கண்டு மகிழும் அந்நாளே, விழித்திருக்க வேண்டிய நாளுமாகும்.