வண்டிக்கு ஒரு கட்டுத்தறி

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துப் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வாசற்படியைத் தாண்டினால் சாக்கடை, அதைத் தாண்டினால் தெரு. கார் ஷெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. படிக்குப் பக்கவாட்டிலோ, சாக்கடை மேல் போட்ட கடப்பைக் கல்லின் மீதோதான் பைக் நிற்கும். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் பல வீடுகளுக்குச் சுற்றுச்சுவரோ கேட்டோ கிடையாது. இரண்டு இடத்திலும் இரவுக் காவல் ஒன்றுதான்: சைடு லாக். அதைப் போட்டுச் சாவியை எடுத்துவிட்டால் வண்டி பத்திரம் என்று நினைக்கிறோம். தோல் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டு போகிறவருக்கும், மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்குகிறவருக்கும் அந்த வண்டிதான் பிழைப்பு. போதாக்குறைக்கு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. வாணியம்பாடியைத் தாண்டினால் ஆந்திரம், கிருஷ்ணகிரி வழியாகப் போனால் கர்நாடகம். நள்ளிரவில் காணாமல் போன வண்டி விடிவதற்குள் வேறு மாநிலத்தில் இருக்கலாம். ஆகவே அந்தச் சைடு லாக் உண்மையில் என்ன செய்கிறது என்று ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்துச் சாவியை அழுத்தித் திருப்பும்போது, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஓர் எஃகு முனை நீண்டு, ஹேண்டில் தண்டுக்கான பள்ளத்தில் போய் உட்காருகிறது. அவ்வளவுதான் பூட்டு. அந்த முனையைத் தாங்கும் உறை பெரும்பாலும் வார்ப்பு உலோகம். வார்ப்பு வளையாது, உடையும். ஹேண்டிலின் நீளமே நெம்புகோலாக வேலை செய்வதால், ஒரு முனையில் காலை ஊன்றி மறுமுனையை வெடுக்கென்று இழுத்தால் விசை முழுவதும் அந்தச் சிறு முனை மீது விழுகிறது. சாவித் துவாரத்தின் கதையும் சுமார்தான். உள்ளே இருப்பவை மெல்லிய பித்தளைத் தகடுகள். பத்து வருடம் சாவி போய்வந்து தேய்ந்த பிறகு, பக்கத்து வீட்டு வண்டியின் சாவிகூடச் சில சமயம் திருப்பிவிடும். தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டுப் பழகிய பூட்டில் புழுதி ஒட்டித் தகடுகள் இன்னும் மந்தமாகும். காரீயத்தூள்தான் பூட்டுக்கு ஏற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்து கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்ததால் வண்டிகள் திருடர்களிடமிருந்து தப்பிவிட்டன என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்த விதி புகைக்காக வந்தது, திருட்டுக்காக அல்ல. சாவியின் அடையாளத்தை மின்னணு முறையில் சரிபார்க்கும் இம்மொபிலைசர் தனியாக இருந்தால்தான் எஞ்சின் அடம்பிடிக்கும். சாதாரண 100 சிசி வண்டிகள் பலவற்றில் அது இல்லை.

இவை எல்லாமே திருடன் வண்டியை ஓட்டிக்கொண்டு போவான் என்ற ஊகத்தில் நிற்பவை. ஓட்ட வேண்டிய அவசியமே இல்லையே. ஸ்பிளெண்டர் போன்ற பைக் சுமார் 110 கிலோ, டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஏறத்தாழ 90 கிலோ. இரண்டு நெல் மூட்டைப் பாரம்கூட இல்லாததை இரண்டு பேர் தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்ற எத்தனை நேரம் ஆகும்? 195 கிலோ புல்லட்டுக்கு இன்னும் இரண்டு ஆள், அவ்வளவே. எருது விடும் விழாவுக்குப் பேர்போன இந்த வட்டாரத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முன்னங்கால்களை மட்டும் பிணைத்துவிட்ட மாடு ஓடாது, ஆனால் அதை யாரும் ஏற்றிக்கொண்டு போகலாம், கட்டுத்தறியில் கட்டிய மாட்டைத்தான் அவிழ்க்கவோ அறுக்கவோ வேண்டியிருக்கும். சைடு லாக்கும், பிரேக் டிஸ்க்கில் மாட்டும் டிஸ்க் லாக்கும் கால் பிணைப்பு ரகம். வண்டியைப் பூட்டுவது வேறு, வண்டியை வீட்டோடு சேர்த்துப் பூட்டுவது வேறு. ஷெட் இல்லாத வீட்டுக்குத் தேவை இரண்டாவது.

அதற்கு வேண்டியவை மூன்று: நல்ல சங்கிலி, நல்ல பூட்டு, அசையாத ஒரு பிடிமானம். இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் சாதாரணச் சங்கிலி மென்மையானது. போல்ட் கட்டரின் ஒரே கடியில் போய்விடும். கடினப்படுத்திய எஃகில், கண்ணி ஒவ்வொன்றும் 16 மி.மீ. பருமன் இருந்தால் கையால் இயக்கும் கட்டர்கள் திணறும். பருமனைப் போலவே சங்கிலி எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். சங்கிலி தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் முழு உடம்பையும் சாய்த்து நசுக்கலாம். அதே சங்கிலி முழங்கால் உயரத்தில் விறைப்பாக நின்றால் ஊன்ற இடமில்லை, கைவலு மட்டும்தான். முன்சக்கரத்தில் மாட்டுவது வீண், ஆக்சில் நட்டைக் கழற்றினால் சக்கரம் மட்டும் வீட்டோடு நிற்கும், வண்டி போய்விடும். பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். பூட்டுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கைவேலைக்கும் கள்ளச்சாவிக்குச் சிக்காத உள்ளமைப்புக்கும் பேர்பெற்றது. ஒன்றை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்: பூட்டின் வளையம் சங்கிலியின் பருமனுக்குக் குறையக் கூடாது, பூட்டிய பிறகு வளையம் வெளியே அதிகம் தெரியக் கூடாது.

பிடிமானம்தான் நம் வீடுகளில் யாருமே யோசிக்காத பகுதி. ஜன்னல் கம்பியில் மாட்டுகிறார்கள். மரச்சட்டத்தில் வெறும் ஸ்குரூவில் நிற்கும் கம்பி அது. கேட்டில் மாட்டுகிறார்கள், கேட்டைக் கீலிலிருந்து அப்படியே மேலே தூக்கிவிடலாம். செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்கு ஒரு குழி. 20 மி.மீ. கம்பியை வெல்டிங் கடையில் கொடுத்துக் கவிழ்த்த ‘ப’ வடிவில் வளைத்து, இரண்டு கால்களின் நுனியையும் வெளிப்பக்கம் மடித்துக் குழியில் இறக்கி, ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் சிமெண்டும் மணலும் ஜல்லியும் போட்டு நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு கன அடி காங்கிரீட் 68 கிலோ அளவு. இந்தக் குழியில் இறங்குவது ஏறத்தாழ 230 கிலோ, அதுவும் மண்ணைக் கவ்விக்கொண்டு. வண்டியைத் தூக்க வந்தவர்கள் வீட்டின் ஒரு துண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். கம்பி 12 மி.மீ. போதும் என்பார் கொத்தனார். அது ஹேக்ஸா பிளேடுக்குச் சில நிமிட வேலை, இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

“எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவன் எப்படியும் எடுப்பான், கட்டிங் மெஷின் கொண்டுவந்தால் எந்தச் சங்கிலி நிற்கும்?” என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. எதுவும் நிற்காது, உண்மைதான். ஆனால் எல்லாத் திருடனும் அப்படி முடிவு செய்து வருவதில்லை என்பதற்கு ஜெர்மனியில் எதிர்பாராமல் ஒரு சான்று கிடைத்தது. 1980-இல் மேற்கு ஜெர்மனி, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவோருக்கு அங்கேயே அபராதம் என்று கொண்டுவந்தது. தலைக்காயத்தைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். ஆனால் அந்த ஆண்டு ஒன்றரை லட்சம் அளவில் இருந்த இருசக்கர மோட்டார் வாகனத் திருட்டு, 1986-இல் 54,000 அளவுக்கு இறங்கிவிட்டது. கண்ணில் பட்ட வண்டியைச் சட்டென்று எடுத்துப் போகிறவன் கையில் ஹெல்மெட் இருக்காது. இல்லாமல் ஓட்டினால் மாட்டிக்கொள்வான். கார், சைக்கிள் திருட்டுகள் அதற்கு ஈடாகப் பெருகவும் இல்லை. ஒரு சின்ன இடைஞ்சலே பெரும்பாலான திருட்டைக் கைவிட வைக்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுத்த முடிவு. (நாமோ ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியிலேயே மாட்டிவிட்டு உறங்கப் போகிறோம்.) கட்டிங் மெஷினுக்கும் இதே கணக்குத்தான். அது சங்கிலியை அறுக்கும், ஆனால் அந்த ஓசையிலும் தீப்பொறியிலும் தெருவே எழுந்துவிடும்.

வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றிவிட்டால் என்ன என்பது இன்னொரு யோசனை. வாசற்படியில் பலகை போட்டு ஹாலுக்குள் தள்ளும் வீடுகள் ஏராளம். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப் போகும். மின்சார வண்டிக்கும் ஆபத்து உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் இருசக்கர வாகனம் இரவில் தீப்பற்றி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். திருட்டைத் தடுக்கப் போய் உயிருக்கு உலை வைக்கக் கூடாது. கேமரா வைத்தால் போனதைப் பார்க்கலாம், போகாமல் தடுக்காது. ஜி.பி.எஸ். கருவி நல்லதுதான், ஆனால் அது சிம் கார்டை நம்பியது, கைபேசியில் டவர் கிடைக்காத மலைச்சரிவில் ஊமையாகிவிடும். மேலே கவர் போட்டு மூடுவது எனக்குப் பிடித்த மலிவான உபாயம். என்ன வண்டி, பூட்டு எங்கே என்று பார்க்கவே கவரை விலக்க வேண்டும் என்றால், வேவு பார்க்க வந்தவன் பெரும்பாலும் அடுத்த வண்டிக்குப் போவான். மார்கழிப் பனியில் நனைந்த கவரை மட்டும் காலையில் உலர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை படிக்கலாம். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு கட்டாயம் என்று வந்தது மூன்றாம் நபர் காப்பீடு. அது அடுத்தவர் இழப்புக்கானது, திருட்டுக்குப் பைசா தராது. முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் நாலு வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பில் பாதி கழிந்துவிடும். இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று வண்டியிலேயே இருந்தது என்றால் பேச்சு வளரும். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஆறுதலான செய்தி. முதல் வேலை எஃப்.ஐ.ஆர். என்பது இதிலிருந்து தெளிவு.

வாடகை வீட்டில் குழி தோண்ட ஓனர் விடமாட்டார் என்பதுதான் நியாயமான மறுப்பு. மாடிப்படிக்குக் கீழே காங்கிரீட் தூண் இருந்தால் அதையே சுற்றலாம். ஒன்பது அங்குலத் தூணின் சுற்றளவு மூன்று அடி, வண்டியையும் சேர்த்துச் சுற்ற ஆறு அடிச் சங்கிலி வேண்டும். வாங்கும் முன் கயிற்றால் அளந்து பார்ப்பது நல்லது. தூணும் இல்லாவிட்டால், குடியிருப்பவர்களின் வண்டிகளைப் பின்சக்கரத்தோடு பின்சக்கரம் கோத்துப் பூட்டலாம். மூன்று வண்டி சேர்ந்தால் 330 கிலோ, அதுவும் ஒரே திசையில் தூக்க முடியாத கோணல் பாரம். சாவி யாரிடம், காலை ஷிப்டுக்கு முதலில் கிளம்புவது யார் என்பதை மட்டும் முந்தின இரவே பேசிக்கொள்ள வேண்டும். ஓனரே புது வீடு கட்டுகிறவராக இருந்தால், வாசல் தளம் போடுகிற அன்று இரண்டு வளையத்தைக் கலவைக்குள் இறக்கச் சொல்லலாம். அன்றைக்கு அது கம்பி விலையோடு போகும், தளம் இறுகிய பிறகு என்றால் டிரில்லிங் மெஷின் வாடகையும் ஆள் கூலியும் தனி.