மாத்திரை பிதுக்கும் கருவி

மாத்திரை பிதுக்கும் கருவி என்பது மாத்திரை அட்டையின் குமிழிலிருந்து மாத்திரையை வெளியே தள்ள உதவும் சிறு கைக்கருவி ஆகும். விரல் மூட்டுவலி, கைநடுக்கம், பார்வைக் குறைவு உள்ள முதியோருக்கு இது பயன்படுகிறது.

இயங்கும் முறை

மாத்திரை அட்டையின் ஒருபுறம் குமிழ்களாக வார்த்த பிளாஸ்டிக்கும் மறுபுறம் மெல்லிய அலுமினியத் தாளும் இருக்கும். தாள் கீழே இருக்குமாறு அட்டையைக் கருவியின் துளைமேல் வைத்து அழுத்தினால், தாள் கிழிந்து மாத்திரை அடியிலுள்ள கிண்ணத்தில் விழும். கருவி இல்லாதபோது சிறிய டப்பாவின் வாயில் அட்டையை வைத்துக் கரண்டிக் காம்பால் அழுத்தலாம். குமிழ் இல்லாத, இருபுறமும் தாளாலான பட்டைகளை ஓரத்தில் கிழித்தே திறக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தேவை

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், திண்டுக்கல் உட்பட அனைத்து மாவட்டங்களிலும் இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகள் வீட்டிற்கே வந்து சேர்கின்றன. ஆனால் தனித்து வாழும் முதியோர் அட்டையைத் தாமே திறக்க வேண்டியுள்ளது. திறக்க முடியாமல் மாத்திரையை அடிக்கடி விட்டுவிட்டால் நோய் கட்டுப்பாட்டை இழக்கும்.

கவனிக்க வேண்டியவை

- அட்டையை ஒவ்வொரு குமிழாக வெட்டி வைக்கக் கூடாது. பார்வை மங்கியவர்கள் அட்டைத் துண்டோடு விழுங்கிவிட்டால் அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழிக்கக்கூடும்.
- காலாவதி நாள் அச்சிட்ட பகுதியைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டும்.
- மாத்திரையை உட்கொள்ளும் நேரத்தில் மட்டுமே பிதுக்க வேண்டும். வலிப்பு நோய்க்கான சோடியம் வால்ப்ரோயேட் போன்றவை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும்.