பஞ்சே இல்லாத போர்வை

போர்வை சூடு தர்றதில்ல. உள்ள சிக்கி நிக்கிற காத்துதான் உடம்புச் சூட்டை வெளிய விடாம பிடிச்சு வைக்குது. கம்ஃபர்ட்டர்ல பாலியஸ்டர் பஞ்சு அடைக்கிறதே அதுக்குத்தான். அதுக்குள்ள புழுங்காம தூங்கணும்னு ஏசியை 18-ல வைக்கிறோம், கரண்ட் பில் எகிறுது.

வங்காளத்துக் காந்தாவுல பஞ்சே கிடையாது. பழைய காட்டன் புடவைகளை அடுக்கி, முழுக்க ரன்னிங் ஸ்டிட்ச் போடுவாங்க. ஏன் பழசு? புதுத் துணி துவைச்சதும் சுருங்கும், அதுவும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுல. வருஷக்கணக்கா துவைச்ச புடவை சுருங்கி முடிச்சிருக்கும். வியர்வையையும் நல்லா உறிஞ்சும்.

நீங்க தைக்கிறதா இருந்தா ரெண்டு அடுக்கு போதும். (அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க!) சிந்தெட்டிக் கலக்காதீங்க. நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு தைச்சுட்டு வாங்க, இல்லன்னா சுருக்கம் நடுவுல மாட்டிக்கும். கையால தைச்சா வாரக்கணக்குல ஆகும்.