சர்வகலாசாலைத் தோட்டத்தில் சுதேசித் தேனீக்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலமும் கலிபோர்னியா மாநிலமும் எல்லை கலக்கும் மலைநாட்டில், தெற்கு வடக்காக ஏறக்குறைய 190 மைல் நீளமும் கிழக்கு மேற்காக 70 மைல் அகலமும் கொண்ட ஒரு சிறு பிரதேசத்தைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு தேனீ இனம் வாழ்ந்து வந்தது. உடலெங்கும் உரோமம் அடர்ந்து, பருத்த தோற்றமுடைய பம்பிள் தேனீக்களின் வகையைச் சேர்ந்த அதற்கு ஃபிராங்க்ளின் பம்பிள் தேனீ என்று பெயர். கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் வளாகத்தில் பூச்சியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ராபின் தோர்ப் என்பவர், 1998-ஆம் ஆண்டிலிருந்து அந்த மலைச்சரிவுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, பூத்த செடிகளின் அருகே பொறுமையுடன் நின்று, வந்து போகும் தேனீக்களை இனம் பிரித்துக் கணக்கெடுத்து வந்தார். தொடக்கத்தில் எளிதாகக் கண்ணில் பட்ட அந்தத் தேனீ வரவரக் குறைந்து, 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆஷ்லண்ட் மலையில் ஒன்றே ஒன்றாக அவர் பார்வைக்கு அகப்பட்டது. அதன் பின்னர் அதைக் கண்டதாக உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. 2021-இல் அமெரிக்க அரசாங்கம் அதனை அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே தோர்ப் காலமாகிவிட்டார்.

அந்த மலையின் அடிவாரத்தில்தான் ஆஷ்லண்ட் நகரம் இருக்கிறது. அந்நகரத்திலுள்ள தெற்கு ஓரிகன் சர்வகலாசாலைதான், மகரந்தச் சேர்க்கை செய்யும் சுதேசி ஜீவராசிகளுக்குத் தன் வளாகத்தில் இடமளிப்பதாக வாக்களித்து, ‘தேனீ வளாகம்’ என்ற அங்கீகாரத்தை 2015-இல் அந்நாட்டிலேயே முதன்முதலாகப் பெற்றது. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்தில் 2012-இல் ‘தேனீ நகரம்’ என்று தொடங்கிய ஓர் இயக்கத்தின் கிளையாகவே இந்தத் திட்டம் தோன்றியது. இன்று அதனை நடத்தி வரும் ஸெர்ஸீஸ் சங்கம், முதுகெலும்பற்ற பிராணிகளைப் பாதுகாப்பதற்காக 1971-இல் நிறுவப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவின் மணல்மேடுகளில் நகரம் பரவியதால் 1940-களின் தொடக்கத்தில் அற்றுப்போன ஒரு நீலநிற வண்ணத்துப்பூச்சியின் பெயரையே அச்சங்கம் தன் பெயராகக் கொண்டிருக்கிறது. ஆஷ்லண்டைத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் இவ்வாக்கை அளித்துள்ளன.

தேனீக்களுக்கு இடமளிப்பதென்றால் நாலைந்து தேன்பெட்டிகளை வாங்கி வைப்பதுதானே என்று நம்மில் பலருக்குத் தோன்றலாம். மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்று தேன் சேர்க்கும் இனங்கள் பலவற்றைப் பிறப்புரிமையாகப் பெற்றிருக்கும் நாட்டினராகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அமெரிக்காவில் பெட்டிகளில் வளர்க்கப்படும் தேனீ அந்த மண்ணுக்குரியதன்று. 1622-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் வர்ஜீனியாவுக்குக் கப்பலில் கொண்டு வந்து சேர்த்தது. அந்த நாட்டுக்கும் கனடாவுக்கும் உரிய சுதேசித் தேனீ இனங்கள் ஏறக்குறைய 3,600. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. நாம் எடுத்து உண்ணும்படியான தேனைச் சேர்ப்பதுமில்லை. ஆகவே வளாகத்தில் தேன்பெட்டிகளைப் பெருக்குவதால் இவற்றுக்கு யாதொரு நன்மையும் இல்லை என்பதோடு, பூக்கள் குறைவாக உள்ள இடத்தில் பெட்டித் தேனீக்கள் இவற்றின் உணவுக்குப் போட்டியாகவும், சில சமயம் நோயைப் பரப்புவனவாகவும் ஆகிவிடக் கூடும். மேலும், சுதேசித் தேனீக்கள் செய்யும் வேலைகள் சிலவற்றைப் பெட்டித் தேனீயால் செய்யவே முடியாது. தக்காளி, கத்தரி முதலிய செடிகளின் பூக்களில் மகரந்தம் நுனியில் துவாரமுள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. பம்பிள் தேனீ அந்தப் பையைத் தாடைகளால் கவ்விப் பிடித்துக்கொண்டு, சிறகுகளை விரிக்காமலே பறக்கும் தசைகளை மாத்திரம் வேகமாக அதிரச் செய்ய, மகரந்தம் துவாரத்தின் வழியே பொழிந்து அதன் வயிற்று உரோமங்களில் படிகிறது. நம் ஊர்க் கத்தரித் தோட்டங்களில் தச்சுத்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவில் தொங்கியபடி எழுப்பும் விட்டுவிட்டு ஒலிக்கும் ரீங்காரமும் இந்தக் காரியத்தின் பொருட்டே எழுவது.

சுதேசித் தேனீக்களில் நூற்றுக்கு எழுபது பங்கு மண்ணுக்குள் வசிப்பவை. தாய்த்தேனீ தன்னந்தனியாக, செடிகொடிகள் அடர்ந்து மூடாத, வெயில் படும் ஒரு மண்பரப்பைத் தேர்ந்தெடுத்து, அங்கே மெல்லிய சுரங்கம் தோண்டி, அதன் பக்கங்களில் சிறு அறைகள் அமைத்து, ஒவ்வோர் அறையிலும் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை அடைத்துவிட்டுப் போகிறது. தன் குஞ்சு வளர்ந்து வெளிப்படுவதை அது பெரும்பாலும் காண்பதில்லை. வெளியுலகில் அதற்கு விதிக்கப்பட்ட ஆயுள் சில வாரங்களே. முட்டையிலிருந்து வரும் புழுவோ அந்த உருண்டையைத் தின்று, பல மாதங்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்து, அடுத்த ஆண்டு தனக்குரிய பூ மலரும் பருவத்தில் சிறகுடன் வெளிவருகிறது. ஆகையால், பூ இல்லாத காலத்தில் ஒரு தோட்டம் வெறிச்சோடிக் கிடப்பதாகத் தோன்றினாலும், அடுத்த ஆண்டின் தேனீக்களில் பெரும்பாலானவை அப்போது நம் காலடியிலேயே இருக்கின்றன. அந்த மண்ணைக் கிளறினாலும், களை வராமலிருக்க மரச்சிராய்களைக் கனமாகப் பரப்பினாலும், பிளாஸ்டிக் விரிப்பால் மூடினாலும் ஒரு தலைமுறையே வெளியேற வழியின்றி மாண்டுவிடும்.

எஞ்சிய முப்பது பங்கில் பெரும்பாலானவை, பட்டுப்போன மரங்களில் வண்டுகள் துளைத்த ஓட்டைகளிலும், காய்ந்த செடித்தண்டுகளின் உட்குழலிலும் குடியேறுகின்றன. இலைவெட்டித் தேனீ இலைகளின் ஓரத்தை வட்டமாகக் கத்தரித்து எடுத்துச் சென்று, குழலுக்குள் அவற்றைச் சுருட்டி அறை செய்கிறது. இவற்றின் பொருட்டு ஸெர்ஸீஸ் சங்கத்தார் வளாகத் தோட்டக்காரர்களுக்குக் கூறும் யோசனை மிக எளியது: குளிர்காலத்தில் காய்ந்த பூந்தண்டுகளை அப்படியே விட்டுவிடுங்கள், வசந்தத்தில் 8 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை பல உயரங்களில் வெட்டி, அடிக்கட்டைகளை நிறுத்தி வையுங்கள். வெட்டுவாயின் வழியே தேனீ உள்ளே புகுந்து கூடு கட்டும். பக்கத்தில் தழைக்கும் புதுத்தளிர்கள் சில வாரங்களில் அந்தக் கட்டைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

உறைவிடம் எவ்வளவு அவசியமோ, அதன் அருகிலேயே உணவு இருப்பதும் அவ்வளவு அவசியம். சிறிய தேனீக்கள் கூட்டை விட்டுச் சில நூறு கஜத்துக்கு மேல் செல்ல வல்லவை அல்ல. வசந்தம், கோடை, இலையுதிர்காலம் ஆகிய மூன்று பருவங்களிலும் ஒன்று மாற்றி ஒன்றாகப் பூக்கும் செடிகள் அங்கே இருக்க வேண்டும். அவையும் ஒவ்வொன்றாகச் சிதறி நில்லாமல் இனம் இனமாகத் திரண்டு நின்றால் தேனீயின் அலைச்சல் குறையும். இதற்குப் பெருநிலம் வேண்டும் என்பதில்லை. டேவிஸ் வளாகத்தில் தேனீ ஆராய்ச்சிக்கூடத்தை ஒட்டி 2009-இல் நடப்பட்ட ஒரு தோட்டத்தின் பரப்பு அரை ஏக்கர்தான். அந்த அரை ஏக்கரில் 80-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் வந்து போவதைப் பதிவு செய்தவர் வேறு யாருமல்லர். மலைச்சரிவில் ஃபிராங்க்ளின் தேனீயைத் தேடியலைந்த அதே தோர்ப்தான்.

காலமும் நிலமும் தாராளமாக வாய்த்தால் என்ன நேரும் என்பதற்கு விஸ்கான்சின் சர்வகலாசாலையின் மாடிசன் வளாகத்தைச் சேர்ந்த விருட்சவனம் சான்றாக விளங்குகிறது. சுமார் 1,200 ஏக்கர் கொண்ட அந்த வனம் 1934-இல் அர்ப்பணிக்கப்பட்டபோது, அச்சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட், வெள்ளையர் குடியேறிய காலத்தில் விஸ்கான்சின் பூமி எவ்வாறு இருந்ததோ அதன் மாதிரியொன்றை மீண்டும் உருவாக்குவதே நம் நோக்கம் என்ற கருத்தை முன்வைத்தார். உழுது மேய்த்துச் சலித்துப்போன வயல்களிலும் குதிரை மேய்ச்சல் நிலத்திலும், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து அரசாங்கப் பணிப்படையில் சேர்ந்திருந்த இளைஞர்கள், சுதேசிப் புற்களையும் பூஞ்செடிகளையும் நட்டார்கள். அவ்வப்போது திட்டமிட்டுத் தீ வைத்தால்தான் அந்தப் புல்வெளி புதர்க்காடாக மாறாமல் தழைக்கும் என்பதை ஜான் கர்ட்டிஸ் என்ற தாவரவியல் அறிஞர் அங்கே ஆராய்ந்து காட்டினார். அவர் பெயரையே தாங்கி நிற்கும் அந்தப் புல்வெளி, மீட்டமைக்கப்பட்ட புல்வெளிகளில் உலகிலேயே மிகப் பழையது என்று மதிக்கப்படுகிறது.

ஹவாய்த் தீவுகள் நீங்கலாக, அமெரிக்கப் பெருநிலத்தில் அழியும் அபாயத்திலுள்ளதாக 2017-இல் முதன்முதலாகப் பட்டியலிடப்பட்ட துருநிறப் புள்ளிப் பம்பிள் தேனீ இந்த வனத்தில் இன்றும் பறக்கிறது. ஒரு காலத்தில் 28 மாநிலங்களில் பரவியிருந்த இனம் அது. அதன் ராணி மண்ணில் சில அங்குல ஆழத்தில் தனியாகக் குளிர்காலத்தைக் கழித்து, ஏப்ரல் மாதத்தில் வெளிவந்து, எலிகள் கைவிட்ட வளையொன்றில் கூடமைத்து, முதல் வேலைக்காரிகளைத் தானே வளர்க்கிறது. முதுகில் துருநிறப் புள்ளியுடன் தோன்றும் அந்த வேலைக்காரிகள் கோடை முழுதும் கூட்டைப் பெருக்குகின்றன. இலையுதிர்காலத்தில் புதிய ராணிகள் பிறந்து, இணைசேர்ந்து, மண்ணில் புதைய, பழைய கூடு அழிகிறது. ஆகவே ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை ஒரு வாரமும் பூ இல்லாமல் போகக் கூடாது. மரங்கள் இலை விடுமுன் வெயில் தரையில் விழும் சொற்பக் காலத்தில் காட்டுக்குள் மலரும் சிறு பூக்களும், கோடையில் புல்வெளியில் மலரும் மோனார்டாவும், பருவக் கடைசியில் மலரும் கோல்டன்ராட், ஆஸ்டர் ஆகியவையும் அவ்வனத்தில் அடுத்தடுத்துக் கிடைப்பதே அந்த இனத்துக்கு ஆதாரமாயிற்று. லியோபோல்டும் அவர் தோழர்களும் இந்தத் தேனீயை மனத்தில் வைத்து நட்டவர்கள் அல்லர். நிலத்தை அதன் முழுமையோடு மீட்க முயன்றார்கள், அந்த முழுமைக்குள் தேனீயும் இடம் பெற்றது.

இவ்வளவு காலம் கூடி அமைந்ததை ஒரு நாள் அசிரத்தை அழித்துவிடும். 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஓரிகனைச் சேர்ந்த வில்சன்வில் என்ற ஊரில், ஒரு வாகன நிறுத்துமிடத்தில் பூத்து நின்ற லிண்டன் மரங்களுக்கு, அசுவினிப் பூச்சிகளை ஒழிக்க வேண்டி ஒரு மருந்தைத் தெளித்தார்கள். மணம் நாடி வந்த பம்பிள் தேனீக்கள் மரத்தடியிலும் சிமெண்டுத் தரையிலும் குவியல் குவியலாக விழுந்தன. இறந்தவை 50,000-க்கும் அதிகம். அந்த மருந்து, செடியின் சாற்றில் கலந்து பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் ஏறிவிடும் வகையைச் சேர்ந்தது. இதனாலேயே தேனீ வளாகங்கள் பூச்சி நிர்வாகத்துக்கு எழுத்து மூலமான திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உண்மையிலேயே கேடு விளைவிக்கும் பூச்சிதானா என்று முதலில் பார்ப்பது, கையாலும் நீராலும் களைய முடியுமா என்று அடுத்துப் பார்ப்பது, வேறு வழியே இல்லாவிடில் மாத்திரம், பூக்காத காலத்தில், மிகக் குறைந்த நஞ்சை நாடுவது என்ற கிரமம் அதில் வகுக்கப்படுகிறது. நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கும் செடி முன்னரே அத்தகைய மருந்தில் தோய்ந்ததா என்று விசாரிப்பதும் இதில் அடங்கும்.

இத்தோட்டங்களுக்கு மற்றோர் இடையூறு மனிதர் கண்ணிலிருந்து வருகிறது. கம்பளம் விரித்தாற்போல் ஒரே மட்டமாக வெட்டிய புல்தரையைக் கல்வி நிலையத்தின் கௌரவமாகக் கருதிப் பழகிய கண்ணுக்கு, காய்ந்த தண்டும் வெற்று மண்ணும் சோம்பலின் அடையாளமாகப் படுகின்றன. விதைத்த முதலாண்டில் சுதேசிச் செடிகள் பெரும்பாலும் வேரிலேயே வளர்ந்து, மேலே களைபோலத் தோன்றுவதால், மூன்றாம் ஆண்டின் பூப்பெருக்கைக் காணுமுன்பே அவற்றை வெட்டி எறியும்படி உத்தரவாகிவிடுவதும் உண்டு. இதற்குப் பரிகாரமாக, பாத்தியின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லைச் சீராக வெட்டி வைத்து, இது கவனத்துடன் பேணப்படும் இடம் என்பதைப் புலப்படுத்துவதோடு, இங்கே யார் வசிக்கிறார்கள் என்பதைச் சொல்லும் பலகையையும் நாட்டுகிறார்கள்.

இக்காரியத்துக்குச் சர்வகலாசாலையே மிகவும் தகுதி வாய்ந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். நகரத்தின் மற்ற நிலங்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். வளாகமோ தலைமுறைகளைத் தாண்டி ஒரே பொறுப்பில் நிற்பது. இனம் பிரித்தறியும் புலமையும், கணக்கெடுக்கும் இளைஞர் கூட்டமும், பதிவுகளைக் காக்கும் நூலகமும் அதற்குள்ளேயே உண்டு. பேராசிரியர், மாணவர், பணியாளர் ஆகியோர் அடங்கிய நிரந்தரக் குழு, பாடத்தோடும் தொண்டோடும் இணைந்த பயிற்சி, ஆண்டுதோறும் அறிக்கை என்று தேனீ வளாகத்துக்கு விதிக்கப்பட்டிருக்கும் நிபந்தனைகள் எல்லாம் இந்த நிரந்தரத்தை உறுதி செய்வதற்கே. ஆயினும் அந்தக் குழுவில் முதன்மையாக மதிக்கப்பட வேண்டியவர், நாள்தோறும் மண்ணைத் தொடும் தோட்டப் பணியாளர்தான். எந்த முளை களை, எந்த முளை விருந்து என்பதையும், எந்தத் தண்டை எந்த மாதத்தில் வெட்டலாம், எந்தத் திட்டை மிதிக்கலாகாது என்பதையும் அவருக்குக் கற்பித்து, அவர் கண்டு சொல்வதைக் குறித்துக்கொண்டு, அவருக்குப் பின் வருபவருக்கும் அந்த அறிவு எழுத்தில் போய்ச் சேரும்படி செய்யும் வளாகத்தில், ஆர்வமுள்ள மாணவர்கள் பட்டம் பெற்றுப் போன பின்னும் தேனீக்கள் தங்கும். நடுவதற்குச் செலவிடும் தொகையைப் போலவே பேணுவதற்குரிய கூலியையும் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்குகிறார்களா என்று கேட்பதே, ஒரு சர்வகலாசாலையின் அக்கறையை அளக்கும் நேர்மையான வழி.